பழகிய கடையில் பழகாத கறி: திருகோணமலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீங்கள் அடிக்கடி போகும் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும். போய் உட்கார்ந்ததும் கேட்காமலே உங்கள் வழக்கமான தட்டு வந்துவிடும். ஒருநாள் பலகையிலோ பக்கத்து மேசையிலோ, அந்தக் கடையில் இருக்கும் என்று நினைத்தே பார்க்காத ஒன்று கண்ணில் படுகிறது. இரத்த வறை, பாபத் (இரைப்பைக் கறி), மட்டிக் கறி, ஒடியல் கூழ் என்று ஏதோ ஒன்று. எடுத்துப் பார்க்கலாமா என்று மனம் இழுக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரரையும், இடமாற்றம் கிடைத்துத் திருகோணமலைக்கு வந்த வேலைத்தல நண்பர்களையும் கடைகளுக்குக் கூட்டிப் போவது என் பழக்கம். அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். சமையல் பிழைத்ததால் ஏமாந்தவர்கள் குறைவு. பிழையான நேரத்தில் போய், கேட்க வேண்டியதைக் கேட்காமல், பெரிய அளவில் எடுத்து ஏமாந்தவர்கள்தான் அதிகம். தட்டு மேசைக்கு வருமுன்னரே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை, வாயில் ஒன்றும் வைக்குமுன் செய்ய வேண்டியவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. போகுமுன் தயாராக வேண்டியவை

முதலில் பசி. கடும் பசியோடு புதிய சாப்பாட்டைத் தொடக் கூடாது. பசி உச்சத்தில் இருப்பவர் அவசரமாகப் பெரிய தட்டாகச் சொல்வார், சுவை பார்க்காமல் விழுங்குவார், பிடிக்காவிட்டால் எரிச்சலும் வரும். வயிறு நிறைந்திருந்தாலும் சரிவராது. ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து வரும் பசி போதும்.

அடுத்தது ஒரு துணை. இருவர் போனால் ஒருவர் வழக்கமானதையும் மற்றவர் புதியதையும் எடுக்கலாம். பிடிக்காவிட்டால் இருவரும் பசியோடு எழும்ப மாட்டீர்கள். நாலைந்து பேர் கொண்ட கூட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை. கூட்டத்தில் ஒருவர் முகம் சுளித்தால் மற்றவர்களும் அதே முகத்தோடு சாப்பிடத் தொடங்குவார்கள்.

சில்லறையாகக் காசு கொண்டு போங்கள். நகரத்துச் சிறிய கடைகள் பலவற்றில் கார்ட் எடுக்க மாட்டார்கள். ஒரு சின்னக் கிண்ணம் கறிக்குப் பெரிய நோட்டை நீட்டினால் மிச்சம் தருவதற்கு அவர்கள் அலைய வேண்டிவரும்.

உடம்பு விஷயத்தையும் வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போங்கள். இறாலுக்கு உடம்பு தடிக்கும் ஆட்களுக்கு நண்டும் சிங்கி இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு மிக அதிகம், ஏனென்றால் இவை ஒரே வகையைச் சேர்ந்தவை. யூரிக் அசிட் கூடியவர்கள், மூட்டு வீக்கம் உள்ளவர்கள் ஈரல், பாபத் போன்ற உள்ளுறுப்புக் கறிகளையும் மட்டி, இறால் போன்றவற்றையும் ஒரு வாய்க்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. மேசையில் உட்கார்ந்த பிறகு இதையெல்லாம் யோசித்தால் மனம் ஆசைப் பக்கம்தான் சாயும்.

2. கடையின் நேரத்தைப் பிடியுங்கள்

நம் கடைகளில் ஒரே அடுப்பு நாளுக்கு மூன்று வேறு கடைகளை நடத்துகிறது. காலையில் இடியப்பம், பிட்டு, ரொட்டி, சொதி, சம்பல். மத்தியானம் சோறும் கறியும். மாலையிலிருந்து கொத்து, பராட்டா, அப்பம். நீங்கள் பார்த்த புதிய சாப்பாடு இவற்றில் எந்த வேளைக்கு உரியது என்று தெரிந்துகொள்வதுதான் உண்மையான முதல் படி.

மத்தியானத்துக் கறியை 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் சாப்பிடுங்கள். அப்போது எல்லாச் சட்டியும் நிறைந்திருக்கும். அரைச் சட்டிக்குக் கீழே போன கறி வற்றி உப்புத் தூக்கலாகிவிடும். 2:30 மணிக்கு வந்து அடியில் கிடந்த கணவாயைச் சாப்பிட்டுவிட்டு “உப்புக் கறி” என்று அந்தக் கறியையே ஒதுக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே கறி 12:30 மணிக்கு வேறு சாப்பாடு.

கொத்துக்கு எதிர்த் திசை. கடை திறந்தவுடன் கல் சரியாகச் சூடாகியிருக்காது. கூட்டம் முட்டும் 8 மணிக்கு கொத்துக்காரர் நாலைந்து பிளேட்டைச் சேர்த்து அடிப்பார், அந்த நேரத்தில் “கொஞ்சம் உறைப்புக் குறைச்சு” என்று நீங்கள் கேட்பது காதில் விழாது. 7 மணிக்குக் கிட்டப் போனால் உங்கள் பிளேட்டைத் தனியாக அடிப்பார்.

அப்பம் என்றால் அடுப்புப் பக்கத்தில் உட்காருங்கள். பால் அப்பத்தின் ஓரம் சில நிமிடங்களில் தளர்ந்துவிடும்.

3. கிழமை, காற்று, கடல்

வெள்ளிக்கிழமை பல சைவக் குடும்பங்களில் மச்சம் இல்லை. அதனால் தமிழ்க் கடைகள் பலவற்றில் அன்று மரக்கறி கூடுதலாகவும் மீன் குறைவாகவும் இருக்கும். முஸ்லிம் ஹோட்டல்களில் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடை சாத்தியிருக்கலாம். போயா என்ற முழுநிலா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும், ஆகவே அன்று தட்டில் வருவது முன்பே வாங்கி வைத்த இறைச்சி. நவராத்திரி, கந்தசஷ்டி நாட்களில் அசைவத்தையே நிறுத்தும் கடைகளும் உண்டு. நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஹோட்டல்களின் பகல் வியாபாரம் மாலைக்கு நகர்ந்துவிடும். வெள்ளிக்கிழமையைப் புதிய மரக்கறிக்கு ஒதுக்குங்கள். வாழைப்பொத்தி, பலாக்காய், அகத்திச் சொதி ஆகியவற்றுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

கடல் இன்னும் முக்கியம். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்று எழும்பினால் தை, மாசி வரை கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சிறிய வள்ளங்கள் பல நாள் கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் ஆழ்கடல் மீன் என்று சொல்லித் தட்டில் வருவது பெட்டியில் இருந்த மீனாக இருக்கலாம். ஆனால் கொட்டியார்குடாவும் தம்பலகாமக் குடாவும் ஒதுக்கமான நீர்ப்பரப்பு என்பதால் நண்டு, இறால், மட்டி பக்கம் திரும்பலாம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. முதன்முறை மீன் வகை ஏதாவது எடுத்துப் பார்ப்பதென்றால் அந்த மாதங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

நண்டைப் பற்றி நம் கரையோர ஆட்கள் சொல்லும் ஒன்று: நிலவு காலத்து நண்டில் சதை இருக்காது, இருட்டு காலத்து நண்டுதான் நண்டு. நிலவைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, கையில் தூக்கிப் பார்க்க விட்டால் பாரமான நண்டைத் தெரிவு செய்யுங்கள். ஓடு கழற்றிய புதிதில் நண்டு உள்ளே தண்ணீராகத்தான் இருக்கும், அளவில் பெரிதாகத் தெரிந்தாலும் பாரம் இருக்காது.

4. வாங்குமுன் கண்ணால் பாருங்கள்

பலகையில் எழுதியிருப்பது கடை என்றைக்காவது சமைப்பது. அலுமாரியில் இருப்பது இன்றைக்குச் சமைத்தது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கான கடைகளில் அச்சடித்த நீண்ட மெனு தருவார்கள், பருவம் இல்லாத மாதங்களில் அதில் பாதி கிடைக்காது. நகரத்துக் கடைகளில் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் போய் நின்று பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மீன் கறியில் துண்டு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குழம்பின் மேல் எண்ணெய் மெல்லிதாகப் பிரிந்து நிற்பது நல்ல அடையாளம். ஓரத்தில் காய்ந்து தோல் கட்டியிருந்தால் அது நெடுநேரம் திறந்து கிடந்த கறி.

பக்கத்து மேசைகளையும் கவனியுங்கள். துறைமுகத்திலோ சந்தையிலோ வேலை முடித்து வந்தவர்கள் எதை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். நாள் முழுக்க உழைத்தவர் காசைச் சும்மா செலவழிக்க மாட்டார். அவர் திரும்பவும் கேட்கும் கறியை நம்பலாம்.

5. கேள்வி கேட்கும் முறை

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கே. எல்லாரும் கேட்கும் கேள்வி “எது நல்லது?” இந்தக் கேள்விக்கு “எல்லாம் நல்லம்தான்” என்ற பதில் மட்டுமே வரும். அதைக் குறை சொல்ல முடியாது. தன் முதலாளியின் கடையில் நின்றுகொண்டு ஒரு பையன் வேறு என்ன சொல்வான்?

அவன் உண்மையாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேளுங்கள். அவற்றை இந்த வரிசையில் கேட்பேன்:

“தம்பி, இண்டைக்கு என்ன கறியெல்லாம் இருக்கு?” இது வாசலைத் திறக்கும் கேள்வி. முழுப் பட்டியலையும் சொல்ல விடுங்கள், நடுவில் வெட்டாதீர்கள். உங்கள் புதிய சாப்பாடு அதில் கடைசியாக வரக்கூடும்.

“இது காலமை ஆக்கினதா, இப்ப ஆக்கினதா?” நேரடியான கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கும். பால் கறிகளுக்கும் சொதிக்கும் இதைக் கட்டாயம் கேளுங்கள். தேங்காய்ப் பால் சேர்த்தது வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும்.

“இதை இஞ்ச வாறாக்கள் எதோட சாப்பிடுறவை?” எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு கறிக்குச் சோறா, பிட்டா, ரொட்டியா சரி என்பது அந்தக் கடைக்குத்தான் தெரியும். இதைக் கேட்டவுடன் பையன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். வாங்கச் சொல்லி வற்புறுத்த வேண்டிய ஆள் நீங்கள் இல்லை, சாப்பாட்டைத் தெரிந்துகொள்ள வந்த ஆள் என்பது அவனுக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவனாகவே “அண்ணை, அதுக்கு இந்தச் சம்பலையும் எடுங்கோ” என்று சொல்லத் தொடங்குவான்.

முறை சொல்லிக் கூப்பிடுங்கள். இளையவர் என்றால் தம்பி, மூத்தவர் என்றால் அண்ணை, முஸ்லிம் ஹோட்டலில் நானா, சமைக்கும் பெண்ணிடம் அக்கா. “ஏய்”, “ஹலோ” என்று கூப்பிடுபவருக்குச் சாப்பாடு வரும், தகவல் வராது.

சிலவற்றை வெட்கப்படாமல் கேட்டே ஆக வேண்டும். பாபத் பெரும்பாலும் மாட்டினுடையது, மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் “இது எதிண்ட?” என்று கேளுங்கள். பராட்டாவுக்கு ஊற்றும் குழம்பும் சில இடங்களில் மாட்டிறைச்சிக் குழம்பாக இருக்கும், நீங்கள் முட்டையோடு பராட்டா சொன்னாலும் அதே குழம்புதான் மேலே விழும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் மாசியைப் பற்றிக் கேளுங்கள். கட்டசம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாடு இருக்கும், சில கடைகளில் பருப்பிலும் போடுவார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் கொத்துக் கல்லையும் நினைவில் வையுங்கள். இறால் கொத்து அடித்த அதே கல்லில், அதே தகட்டால்தான் உங்கள் மரக்கறிக் கொத்தையும் அடிப்பார்கள்.

இரத்த வறையை முஸ்லிம் ஹோட்டலில் கேட்காதீர்கள். இரத்தம் அவர்களுக்கு ஹராம், கேட்பதே சங்கடம்.

6. விலையும் அளவும்

கேட்ட பிறகுதான் விலை. முதலிலேயே விலையைக் கேட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

நண்டு, இறால், பெரிய மீன் ஆகியவற்றின் விலை சந்தையைப் பொறுத்து மாறும். சில கடைகளில் நிறை பார்த்து விலை சொல்வார்கள். ஆகவே “இந்தத் துண்டு எவ்வளவு?” என்று கையைக் காட்டிக் கேளுங்கள். “நண்டு எவ்வளவு?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில் கிடைக்கும், பில் வரும்போது முகம் மாறும்.

மத்தியானச் சோற்றில் இன்னொன்று. பல கடைகளில் சோறு, மரக்கறி, சொதி திரும்பவும் போடுவதற்குக் காசு இல்லை, மீனும் இறைச்சியும் மட்டும் தனிக் கணக்கு. புதிய கறி எந்தக் கணக்கில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் முறை எப்போதும் மிகச் சிறிய அளவு. அரைப் பிளேட் இருந்தால் அரைப் பிளேட், இல்லாவிட்டால் “ஒரு சின்னக் கிண்ணத்தில கொஞ்சமாத் தாங்கோ, காசு எடுங்கோ” என்று சொல்லுங்கள். காசு எடுக்கச் சொல்வது முக்கியம். வழக்கமான வாடிக்கையாளருக்கு முதலாளி சும்மா சுவைக்கத் தருவார், ஆனால் சும்மா வாங்கியதைப் பற்றி உங்களால் உண்மையைச் சொல்ல முடியாது. பிடிக்காவிட்டாலும் தலையாட்டத்தான் வேண்டிவரும்.

கையிலிருந்து ஒன்றும் போகாமல் தொடங்க விரும்புவோருக்குச் சிற்றுண்டித் தட்டு நல்ல இடம். மாலையில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை எல்லாம் ஒரே தட்டில் வந்து மேசையில் இருக்கும். சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. தெரியாதவர்கள் தட்டு முழுவதற்கும் பில் வரும் என்று பயந்து திருப்பி அனுப்புவார்கள். எடுக்கப் போகாததைத் தொடாதீர்கள், அது அடுத்த மேசைக்குப் போகும்.

7. சாதுவான ஒன்றோடு சேருங்கள்

புதிய கறியைப் புதிய ஒன்றோடு சேர்க்கக் கூடாது. கறி புதிதென்றால் அடியில் இருப்பது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வெள்ளைச் சோறாகவோ பிட்டாகவோ ரொட்டியாகவோ இருக்க வேண்டும். பிரைட் ரைஸில் கணவாய்ப் பிரட்டலை ஊற்றிச் சாப்பிட்டால் எந்தச் சுவை எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

குழம்பாக இருப்பதற்குப் பிட்டு மிகப் பொருத்தம், உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வறை, பிரட்டல் போன்று காய்ந்தவைக்குச் சோறும் சொதியும். கறி தனிக் கிண்ணத்தில் வரட்டும் என்று முன்னரே சொல்லிவிடுங்கள். தட்டில் ஊற்றிவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது. இதைச் சொல்ல மறப்பவர்கள்தான் அதிகம்.

பார்சலாக வாங்கி வீட்டில் முதன்முறை சாப்பிடுவதையும் தவிருங்கள். பொதிக்குள் ஆவி பட்டுப் பொரியல் நமத்துவிடும், கொத்து இறுகிவிடும், எல்லாக் குழம்பும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். கேட்பதற்கும் பக்கத்தில் ஆள் இருக்காது.

8. சுவைக்கும் வரிசை

தண்ணீர் ஒரு வாய் குடியுங்கள். பிறகு குழம்பு மட்டும், விரல் நுனியில். உப்பு, புளி, உறைப்பு மூன்றும் இதில் தெரிந்துவிடும். அடுத்து மீனோ சதையோ தனியாக ஒரு சின்னத் துண்டு, அது வெந்த பதத்தைச் சொல்லும். மூன்றாவதாகச் சோறோடு குழைத்து ஒரு கவளம். சமைத்தவர் நினைத்த சுவை இந்த மூன்றாவது வாயில்தான் இருக்கிறது, அதனால் முதல் இரண்டு வாயை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். நம் குழம்புகள் தனியாகக் குடிப்பதற்கு ஆக்கப்படுபவை அல்ல. தனியாக உறைப்பாகவும் உப்பாகவும் தெரிவது சோற்றில் சரியாக நிற்கும்.

சம்பலும் தேசிக்காயும் அதற்குப் பிறகுதான். மேசைக்கு வந்ததுமே தேசிக்காயைப் பிழிந்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. பிழிந்த பிறகு எல்லாக் கறியும் ஒரே கறிதான்.

உறைப்புத் தாங்காவிட்டால் தண்ணீரை நாடாதீர்கள். மிளகாயின் எரிவு தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவும். சொதி, தயிர், வெள்ளைச் சோறு இவற்றில் ஒன்றை எடுங்கள். பாலும் தேங்காய்ப் பாலும் எரிவைக் கொண்டு போகும்.

9. எது இயல்பு, எது கோளாறு

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். இயல்பான குணத்தைக் கோளாறு என்று நினைத்துத் தட்டைத் தள்ளுவோரும், உண்மையான கோளாறை “இது இப்படித்தான் இருக்கும் போல” என்று விழுங்குவோரும் உண்டு. இரண்டாவது ஆபத்தானது.

ஒடியல் கூழ். எப்போதாவது கடையில் கண்டால் விடாதீர்கள். பனங்கிழங்கை வெயிலில் காயவைத்து இடித்த மாவில் மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், பழப்புளி, செத்தல் மிளகாய் சேர்த்துக் காய்ச்சுவது. மாவை ஊறவைத்துத் தண்ணீரை வடித்த பிறகும் மெல்லிய கசப்பு மிஞ்சும், அது இயல்பு. கூழ் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே குடியுங்கள், ஆறினால் இறுகும். ஒவ்வொரு வாய்க்கும் முன் கலக்குங்கள், இல்லாவிட்டால் நல்லதெல்லாம் அடியில் தங்கிவிடும். முள்ளும் ஓடும் இருக்கும் என்பதால் பேசிக்கொண்டே குடிக்க வேண்டாம்.

இரத்த வறை. ஆட்டு இரத்தத்தை அவித்து உறையவைத்து உதிர்த்து, வெங்காயம், மிளகாய், மிளகு, சீரகத்தோடு வறுப்பது. கருமையும் உதிர்தலும் இயல்பு. நடுவில் ஈரமாகவோ சிவப்பாகவோ இருந்தால் முழுதாக வேகவில்லை, சாப்பிடாதீர்கள்.

பாபத். மெல்ல நேரம் எடுக்கும், அது அதன் குணம். ரப்பராக இழுபட்டால் போதிய நேரம் அவியவில்லை. மூக்கைத் துளைக்கும் நாற்றம் இருந்தால் சரியாகக் கழுவவில்லை.

கணவாய். கொஞ்ச நேரம் வேகவைத்தாலும் மிருது, நீண்ட நேரம் வேகவைத்தாலும் மிருது, நடுவில் எடுத்தால் சவ்வு. மையோடு சமைத்திருந்தால் குழம்பு கறுப்பாக இருக்கும். பயப்படாமல் சாப்பிடுங்கள், சுவை அதில்தான்.

மட்டி. கொஞ்சம் மணல் பல்லில் படலாம். ஒவ்வொரு வாயிலும் பட்டால் நீரில் போட்டு வைத்து மணல் கக்க விடவில்லை என்று அர்த்தம். ஓட்டோடு சமைத்திருந்தால், சமைத்த பிறகும் வாய் திறக்காததை ஒதுக்கிவிடுங்கள்.

நண்டு. ஓட்டைத் திறந்ததும் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக இருப்பது செவுள், அதைக் களைந்துவிடுங்கள். காலிலிருந்து தொடங்கி உடம்புக்கு வாருங்கள். உடம்பை முதலில் உடைத்தால் குழம்பு கையெல்லாம் வழுக்கிக் கால்களைப் பிடிக்க முடியாது.

சிங்களக் கடைகளில் கிடைக்கும் அம்புல்தியல் என்ற மீன் கறி கறுப்பாகவும் காய்ந்தும் நல்ல புளிப்பாகவும் இருக்கும். அந்தப் புளிப்பு கொறுக்காயிலிருந்து வருவது, மீன் பழுதானதால் அல்ல. முஸ்லிம் ஹோட்டல் வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும், அதுவும் இயல்பு.

இனி உண்மையான ஆபத்து. சூரை, கும்பளா போன்ற மீன்கள் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் வெக்கையில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு கடித்ததற்கு ஒத்த சுள்ளென்ற கூச்சம் வரலாம், ஆனால் குழம்பில் அவ்வளவு மிளகு இருக்காது. அப்படி உணர்ந்தால் அந்த வாயைத் துப்பிவிட்டு நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் முகம் சிவப்பது, தலையிடி, உடம்பு அரிப்பு ஆகியவை வரலாம். உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது மீனாலா ஒவ்வாமையாலா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். முச்சக்கர வண்டி பக்கத்தில் நின்றால் அதிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

10. சரிவராவிட்டால்

கோளாறு என்றால் உடனே, மெதுவான குரலில் சொல்லுங்கள். முழுதும் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொல்வதை எந்த முதலாளியும் நம்ப மாட்டார். “அண்ணை, இந்தச் சொதி கொஞ்சம் புளிச்சிருக்கு, ஒருக்காப் பாருங்கோ” என்று கிண்ணத்தை நீட்டினால் போதும். நல்ல கடை அந்தச் சட்டியையே இறக்கிவிடும். மற்ற மேசைகளுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டால் முதலாளி கடையின் பெயரைக் காப்பாற்றத்தான் பார்ப்பார், கறியைப் பார்க்க மாட்டார்.

கோளாறு இல்லை, உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். காசைக் கொடுத்துவிட்டு, வழக்கமானதில் ஏதாவது ஒன்றைச் சொல்லி வயிற்றை நிரப்புங்கள். பிடிக்காததற்குக் காசைத் திருப்பிக் கேட்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கறியை அவர்கள் உங்களுக்காகப் பிழையாக ஆக்கவில்லை.

ஒரு முறையோடு கைவிடாதீர்கள். இரண்டாம் முறை வேறு கிழமையில், வேறு சோடியோடு எடுத்துப் பாருங்கள். சோற்றோடு பிடிக்காத பாபத் ரொட்டியோடு பிடித்துப்போனவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் முறையும் நாக்கு ஏற்காவிட்டால் விட்டுவிடலாம்.

11. காசு கொடுக்கும்போது

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். “நல்லா இருந்தது” என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பயன் இல்லை. “மட்டியில மணல் இல்லாமல் இருந்தது”, “கணவாய் நல்ல பதம், உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்” என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஆட்கள் கேட்காத கறியைக் கடை நிறுத்திவிடும், அதை எடுத்த ஒருவர் குறிப்பாகச் சொன்னால் இன்னொரு கிழமை சமைத்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரும். குசினியில் ஆக்கியவர் தெரியும் தூரத்தில் நின்றால் அவருக்கும் சொல்லுங்கள்.

அந்தக் கறி எந்தெந்த நாளில் வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்டவை தினமும் இருப்பதில்லை. இரத்தமோ மட்டியோ கிடைத்த நாளில்தான் சமைப்பார்கள், அதுவும் சின்னச் சட்டியில். உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தால், ஆக்கும் நாளில் காலையிலேயே சொல்லும் முதலாளிமார் உண்டு. சொல்லிவிட்டார் என்றால் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று அப்போதே சொல்லுங்கள், எடுத்து வைத்திருப்பார். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால் அடுத்த முறை அழைப்பு வராது.